மணற்காட்டில் குரங்குப் பாலம்: என்ன கயிறு, எந்த உயரம், பயந்த பிள்ளையை என்ன செய்யிறது?

வடலி:
ஆகஸ்ட் விடுமுறையில 12–14 வயசுப் பிள்ளையள் 24 பேருக்கு ரெண்டு நாள் பாசறை. இடம் யாழ்ப்பாணத்தில வடமராட்சி கிழக்கு மணற்காடு. கொஞ்சம் சவுக்கு, ஓரத்தில பனை, மிச்சமெல்லாம் மணல். மலையும் பாறையும் இல்லாத ஊரில சாகசத்துக்குக் கயிறுதானே வழி. 20 அடி நீளத்தில ஒரு குரங்குப் பாலம் (கால் வைக்க ஒரு கயிறு, கை பிடிக்க ரெண்டு கயிறு) கட்டுவமெண்டு யோசினை. என்ன கயிறு, எவ்வளவு வேணும்? மணலில முளை நிக்குமோ? நாலைஞ்சு பிள்ளையள் கதிரையில ஏறவே பயப்பிடுகினம், அவையை எப்பிடிப் பாலத்தில ஏத்துறது? மேசையில நிண்டு பின்பக்கமா விழ மற்றவை ஏந்துற விளையாட்டையும் சேர்க்கட்டோ?

அலவாங்கு:
தம்பி, முதல்ல சாமான். கால்கயிறு 20 மி.மீ. மணிலா (நார்க்கயிறு), 60 அடி. கைக்கயிறு 12 மி.மீ., 60 அடியில ரெண்டு. நடுவில V மாதிரித் தொங்குற கயிறு 8 மி.மீ., 10 அடித் துண்டு ஒன்பது, ரெண்டு அடிக்கு ஒண்டு வரும். ரெண்டு கரைக்கும் சேர்த்து 7 அடிச் சவுக்கந் தடி நாலு, அடித்தடி 5 அடியில ரெண்டு. தடி அடியில மூண்டு அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கோணும். கட்டுக்கு 20 அடிக் கயிறு ஒரு எட்டுத் துண்டு வாங்கினால் மிஞ்சும், மிஞ்சட்டும்.

கடையில மலிவா இருக்கிற நீலப் பொலிக் (பிளாஸ்டிக்) கயிறை கால்கயிறுக்கு எடுக்காதேங்கோ. வழுக்கும், முடிச்சு தானா இளகும், வெயிலில கிடந்தது உள்ளுக்குள்ள நொறுங்கிப் போயிருந்தாலும் வெளியில தெரியாது. தும்புக் கயிறும் வேண்டாம். அதே தடிப்பு மணிலாவோட ஒப்பிட்டால் பலம் நல்லாக் குறைவு.

ரெண்டு தடியை X ஆக வைச்சு, கீழிருந்து மூண்டரை அடியில கட்டி, பாதத்தில அடித்தடியைச் சதுரக்கட்டாப் (குறுக்க வாற ரெண்டு தடியைச் சுத்திக் கட்டுற கட்டு) போடுங்கோ. கால்கயிறு X இன்ர கவட்டில, சாக்கு வைச்சு அதுக்கு மேல. கைக்கயிறு X இன்ர ரெண்டு மேல் நுனியிலயும் குளோவ் ஹிட்ச் (ரெண்டு சுத்துச் சுத்திப் போடுற முடிச்சு). தொங்குகயிறின்ர நடுவைக் கால்கயிறில குளோவ் ஹிட்ச் போட்டு, ரெண்டு தலைப்பையும் கைக்கயிறில கட்டுறது. இதைக் கயிறு ஏத்த முதல் நிலத்திலயே செய்து முடிச்சால் பாதி வேலை மிச்சம்.

இனித்தான் எல்லாரும் பிழை விடுற இடம். கால்கயிறை வீணைத் தந்தி மாதிரி இழுத்துக் கட்டக்கூடாது. 20 அடிப் பாலத்தில 60 கிலோ ஆள் நடுவில நிக்கேக்க கயிறு ரெண்டு அடி தொய்ஞ்சால் கயிறில வாற இழுவை 150 கிலோ. அரை அடிதான் தொய்யுதெண்டால் அதே ஆளுக்கு 600 கிலோ. ஆள் துள்ளினால் அது இன்னும் ஏறும். முடிச்சுப் போட்ட இடத்தில கயிறு தன்ர பலத்தில மூண்டில ஒரு பங்கு மட்டில இழக்கும் எண்டதையும் சேர்த்துப் பாருங்கோ. முதல்ல பிடுங்குப்படுறது கயிறில்லை, கயிறின்ர நுனியை நிலத்தில பிடிச்சிருக்கிற நங்கூரம்.

மணலில முளை நிக்காது. மூண்டு, ரெண்டு, ஒண்டு எண்டு வரிசையா ஆறு முளை அடிச்சாலும் ஈரம் காய இளகும். கட்டையை மண்ணுக்குள்ள தாக்கிறதுதான் (புதைக்கிறதுதான்) சரி: 4 அடி நீளம், 5 அங்குலக் கட்டை, பாலத்துக்குக் குறுக்கா மூண்டடி ஆழக் கிடங்கில. கயிறு மேல வாறதுக்கு முன்பக்கம் சரிவா ஒரு வாய்க்கால் வெட்டோணும். வெட்டாட்டி கயிறு கட்டையை மேல்நோக்கிக் கிளப்பிப்போடும். மண்ணை நிரப்பேக்க தண்ணி ஊத்தி மிதியுங்கோ. மரத்தில கட்டுறதெண்டால் முழங்காலுக்குக் கீழ, சாக்குச் சுத்தி. பனங்கருக்குக் கயிறை அறுக்கும். மெல்லிய சவுக்கை நம்பாதேங்கோ.

(வலிகாமப் பக்கம் செய்யிற ஆக்களுக்கு: செம்மண்ணுக்குக் கீழ சுண்ணாம்புக்கல் தட்டும், அலவாங்கு (கடப்பாரை) போகாது. அங்க வேம்பு, புளி பார்த்து இடத்தைத் தெரிவு செய்யுங்கோ.)

வடலி:
நன்றி அண்ணை. ரெண்டடி தொய்ஞ்சால் ஆடி ஆடிப் பிள்ளையள் கூடப் பயப்பிடாதோ?

அலவாங்கு:
ஆடுறது தொய்வால இல்லை, கைக்கயிறை ஆள் வெளிப்பக்கமாத் தள்ளுறதால. முழங்காலை விறைப்பா வைச்சாலும் நடுக்கம் கயிறுக்கு இறங்கும். முழங்கால் கொஞ்சம் மடிஞ்சு, பாதம் வெளிப்பக்கம் திரும்பி, V இருக்கிற இடத்தில கால் வைக்கோணும். கையும் காலும் ஒரே நேரத்தில நகரக்கூடாது. தடி சரிஞ்சு நிக்கிறதால கரையில கால்கயிறு மூண்டடி உயரமெண்டால் ஆள் நிக்கேக்க நடுவில ஒரு அடிதான். விழுந்தாலும் நிலத்தில கால் ஊண்டலாம், அதுக்காகத்தான் பதிவாக் கட்டச் சொன்னது. ஒரு நேரத்தில ஒராள். பிள்ளையளுக்கு முதல் ரெண்டு பெரியாக்கள் நடுவில ஏறிப் பாரம் கொடுத்துப் பார்க்கோணும். எட்டுப் பேர் கடந்த பிறகு முடிச்செல்லாம் திரும்பப் பாருங்கோ.

சோளகம்:
பாலத்தைப் பெரியாக்கள் கட்டி வைச்சுப் பிள்ளையளை நடக்க விட்டால் அது வெறும் ஊஞ்சல். 24 பேரை எட்டெட்டா மூண்டு அணியாப் பிரியுங்கோ: ஒண்டு தடிக்கட்டு, ஒண்டு நங்கூரம், ஒண்டு தொங்குகயிறு. ஒரு அணி கட்டினதை மற்ற அணிதான் சோதிக்கோணும். தன்ர முடிச்சை இன்னொருத்தன் இழுத்துப் பார்க்கேக்க வாற அக்கறை எந்தப் பிரசங்கத்தாலயும் வராது. கடைசிச் சோதனை பெரியாளின்ர கையில.

முதல் நாள் பின்னேரம் உயரமில்லாத வேலை கொடுங்கோ. 6×5 அடித் தறப்பாளில எட்டுப் பேர் நிண்டு, நிலத்தில கால் படாமல் அதை மறுபக்கம் புரட்டுறது. முதல் தரம் எல்லாரும் ஒரே நேரத்தில கத்துவினம், ஒண்டும் நடக்காது. நிப்பாட்டி, பத்து நிமிசம் இருத்திக் கேளுங்கோ: என்ன நடந்தது, ஏன், அடுத்த தரம் எதை மாத்துறது? உடனே அதே வேலையைத் திரும்பச் செய்ய விடுங்கோ. கதைச்சுப்போட்டு வேற விளையாட்டுக்குப் போனால் கதைச்சதெல்லாம் காத்தோட போகும்.

பயம் எண்டது தள்ளிவிட்டுப் போற சாமான் இல்லை. அமெரிக்காவில 1971 இல தொடங்கின ‘புரொஜெக்ற் அட்வென்ச்சர்’ அமைப்பு பரப்பின முறையில, எவ்வளவு தூரம் போறதெண்டு பிள்ளைதான் முடிவெடுக்கும். ஆனால் வேலையில இருந்து விலக ஏலாது. ஏறாத பிள்ளைக்கு முடிச்சுச் சோதிக்கிற பொறுப்பு, பக்கத்தில நடந்து காவல் நிக்கிற பொறுப்பு. ஏற விரும்பினால் படிப்படியா: கரையில கயிறில ஏறி நிக்கிறது, ரெண்டு V வரை போய்த் திரும்புறது, பிறகு முழுக்க. எவ்வளவு எண்டதை ஏற முதலே பிள்ளையின்ர வாயாலயே சொல்லவிடுங்கோ.

நடுவில உறைஞ்சு நிண்டால் சனம் கத்தக்கூடாது. "பயமில்லை, வா வா" எண்டு இருபது குரல் கேட்டால் கை இன்னும் இறுகும். ஒரு குரல் மட்டும், பக்கத்தில நிண்டு: மூச்சை வெளிய விடு, முன்னுக்கிருக்கிற முடிச்சைப் பார், வலது காலை அரக்கு. அரை நிமிசத்தில அசையாட்டி இறக்கிவிடுங்கோ, அதில வெட்கமில்லை. மூண்டு படி போய் இறங்கின பிள்ளை அனேகமாப் பின்னேரம் தானா வந்து வரிசையில நிக்கும்.

மேசையில இருந்து விழுற விளையாட்டு வேண்டவே வேண்டாம். பயத்தில பிள்ளை இடுப்பை மடிச்சால் பாரம் முழுக்க நடுவில நிக்கிற ரெண்டு பேரின்ர கையில விழும். முழங்கை வீசினால் ஏந்துறவையின்ர மூக்கு உடையும். 12 வயசுக் கைக்கு அது தாங்காது. நிலத்தில நிண்டு, பின்னுக்கு ஒரு சாணளவு சாய, ரெண்டு பேர் தோளில தாங்கினால் காணும்.

நெய்தல்:
கயிறைப் பற்றி எல்லாம் சொல்லிட்டீங்கள், மேல பாருங்கோ. ஆகஸ்ட் பனம்பழம் விழுற காலம், சோளகக் காத்துக்குக் காவோலையும் சேர்ந்து விழும். பாலமோ கூடாரமோ பனைக்குக் கீழ வேண்டாம். வேலை காலமை பத்து மணிக்குள்ள, பிறகு நாலுக்குப் பிறகு. போர் நடந்த பக்கங்களில தெரியாத காணியைக் கிண்டாதேங்கோ. கட்டை தாக்க முதல் காணிக்காரரிட்டயும் கிராம சேவையாளரிட்டயும் கேளுங்கோ. மணலில சுருட்டை விரியன் இருக்கும், இருட்டில ரோச்சும் சப்பாத்தும் இல்லாமல் ஒருத்தரும் வெளிக்கிடக்கூடாது. அம்புலன்சுக்கு 1990. எந்த ஒழுங்கையால வரவேணுமெண்டு முதலே எழுதி வையுங்கோ.

முடிய, கயிறை நல்ல தண்ணியில அலசி நிழலில காயவிடுங்கோ. உள்ளுக்குப் போன மணல் அடுத்த வருசத்துக்கிடையில நாரை அறுத்துப்போடும்.