மறு: மறு: ‘ப்ரீ-டெஸ்ட் ப்ராபபிலிட்டி’க்குத் தமிழில் என்ன?

அன்புள்ள குழுவினருக்கு,

மூன்று நாளாக இழை ஓடுகிறது. சொல் வந்துகொண்டே இருக்கிறது, எதற்குச் சொல் தேடுகிறோம் என்பது மட்டும் நழுவிப் போகிறது. சோதனை செய்வதற்கு முன்பே, எதிரே இருப்பவருக்கு நோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று டாக்டர் போடும் மதிப்பு, அதற்குத்தான் சொல் தேடுகிறோம். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> சோதனைமுன் நிகழ்தகவு. நேரடியான சொல். இதற்கு மேல் என்ன வேண்டும்?

பாடப்புத்தகத்துக்கு இது போதும் ஐயா. எனக்கு உறுத்துவது ‘நிகழ்’. நாளை மழை பெய்யுமா, சுண்டிய காசில் தலை விழுமா என்றால் நிகழ்தகவு சரி. இருமிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருப்பவர் உடம்பில் வைரஸ் ஏற்கெனவே இருக்கிறது, அல்லது இல்லை. இனிமேல் நிகழ எதுவும் பாக்கி இல்லை. ஊசலாடுவது டாக்டரின் மனசு. அந்த ஊசலாட்டத்துக்குத்தான் பெயர் வேண்டும்.

கொரோனா முதலில் பரவிய சீனாவின் ஊகான் நகரக் கண் மருத்துவர் லீ வென்லியாங்கை நினைவிருக்கும். 2020 ஜனவரி 10-ல் இருமல், மறுநாள் காய்ச்சல், 12-ல் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். ஜனவரி 31 அன்று வெய்போ என்ற சீனச் சமூக வலைத்தளத்தில் எழுதியபோதும் மூச்சுத் திணறல் விடவில்லை. வைரஸ் சோதனையோ நெகட்டிவ் என்று எழுதியிருந்தார். மறுநாள் பாசிட்டிவ் என்று அறிவித்தார். பிப்ரவரி 7-ல் இறந்துபோனார்.

அந்த நெகட்டிவ் தாளைக் கையில் வாங்கிய டாக்டரின் இடத்தில் நம்மை வைத்துப் பார்ப்போம். ஊரெங்கும் நோய். நோயாளிகளை முகத்துக்கு முகம் பார்க்கும் தொழில். காய்ச்சல், இருமல், இப்போது மூச்சும் வாங்குகிறது. குச்சியை மூக்கில் விடுவதற்கு முன்பே சந்தேகம் உச்சியில் நிற்கிறது. ஒரு நெகட்டிவ் அதைச் சில படி இறக்கும், தரைக்குக் கொண்டுவராது. குச்சி பட வேண்டிய இடத்தில் படாமல் போயிருக்கலாம். வைரஸ் நுரையீரலுக்குள் இறங்கிய பிறகு மூக்கிலும் தொண்டையிலும் குறைவாகவே அகப்படலாம். பிப்ரவரி 12 கணக்கில், ஊகான் இருக்கும் ஹூபே மாகாணம் ஒரே நாளில் 14,840 புதிய நோயாளிகளைக் காட்டியது. அதில் 13,332 பேர் சோதனைத் தாளுக்குக் காத்திராமல், அறிகுறியையும் சி.டி. படத்தையும் வைத்து டாக்டர்கள் சேர்த்தவர்கள்.

> ஒரே சோதனை, ஒரே முடிவு. ஆளுக்கு ஆள் அர்த்தம் மாறும் என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

சரி, கணக்கே போட்டுவிடுவோம். எண்கள் எளிமைக்காக நான் வைத்தவை. நோயுள்ள 100 பேரில் 70 பேரைப் பிடிக்கும் சோதனை, நோயில்லாத 100 பேரில் 5 பேரைத் தவறாகப் பிடிக்கும்.

காய்ச்சல் வார்டில் 100 பேர், அறுபது பேருக்கு நோய் இருக்கும் என்பது டாக்டரின் மதிப்பு. அந்த 60-ல் 42 பேர் பாசிட்டிவ், 18 பேர் தப்பிவிடுவார்கள். நோயில்லாத 40-ல் 38 பேர் நெகட்டிவ். மொத்தம் 56 நெகட்டிவ் தாள், அதில் 18 பொய். ஏறக்குறைய மூன்றில் ஒன்று!

இப்போது அறிகுறி எதுவும் இல்லாத 1,000 பேர் வரிசையில் நிற்கிறார்கள், நோய் இருப்பது 20 பேருக்கு. தப்புபவர்கள் 6 பேர், நெகட்டிவ் தாள் 937. இங்கே நெகட்டிவை நம்பி வீட்டுக்குப் போகலாம். பாசிட்டிவைத்தான் நம்ப முடியாது. 63 பாசிட்டிவில் 14 தான் மெய்.

குச்சி அதே குச்சி, சோதனைச் சாலையும் அதே. மாறியது நுழையும்போது இருந்த சந்தேகம்.

> முதல் ஐயம், மிச்ச ஐயம். கடைக் கணக்குபோல நாக்கில் நிற்கும்.

அழகாக இருக்கிறது, ஆசையாகவும் இருக்கிறது. ஆனால் பாசிட்டிவ் வந்தால் ஐயம் ஏறுமே. 60 இருந்தது 95 ஆனால் அதை மிச்சம் என்று சொல்ல வாய் வருமா? ‘முன்னிருப்பு, பின்னிருப்பு’ என்று போகலாமா என்று நானே யோசித்தேன். முன்னிருப்பை நம் கணினி நண்பர்கள் ‘டீஃபால்ட்’டுக்கு எடுத்துக்கொண்டு வெகுநாளாயிற்று.

‘ஐயமட்டம்’ எனக்குப் பிடித்தது, நீர்மட்டம்போல ஏறி இறங்கும். ‘மட்டமான ஐயமா?’ என்று தம்பி கேட்ட கேள்வியோடு அது போயிற்று. ‘ஐயவளவு’ புணர்ச்சிக்கு ஒழுங்கு, வாய்க்குக் கரடு.

என் முன்மொழிவு: ஐயத்தகவு. நிகழ்தகவு பழகிய காதுக்கு இதிலும் ஒரு எண் உண்டு என்பது உடனே விளங்கும். முன் ஐயத்தகவு, பின் ஐயத்தகவு என்று இரட்டையாகவும் வரும். டாக்டர் அம்மா என்ன சொல்கிறார்களோ, அப்புறம் அகராதியில் ஏற்றுவோம்.

அன்புடன்,
செ.

---

செ. ஐயாவுக்கு வணக்கம்.

வார்டில் நாங்கள் ‘சந்தேகம்’ என்றுதான் சொல்வோம், ஐயம் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அதனால் நோயாளிக்குத் தரும் துண்டுத்தாளில் ‘சந்தேகம்’ என்றே இருக்கட்டும். அங்கே ஐயத்தகவு என்று போட்டால் பயந்துவிடுவார்கள். மாணவர் குறிப்புக்கு உங்கள் சொல் சரி.

ஒரு திருத்தம். அந்த எண் மனசுக்குள் மட்டும் இருப்பதுபோல் எழுதிவிட்டீர்கள். கொரோனா நாட்களில் பயிற்சி டாக்டர்களிடம் நான் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். சாம்பிள் எடுக்குமுன் கேஸ் ஷீட்டின் மூலையில் பென்சிலால் ஒரு எண் எழுத வேண்டும். வீட்டில் யாருக்காவது காய்ச்சலா, எத்தனையாவது நாள், மணம் தெரிகிறதா, ஆக்சிஜன் எவ்வளவு, இது டெங்குவாகவோ காசநோயாகவோ இருக்குமா, எல்லாம் கேட்டுவிட்டு ஒரு எண். முடிவு வந்ததும் அதை அடித்துவிட்டுப் பக்கத்தில் புது எண். எழுதாமல் விட்டால் முடிவைப் பார்த்த பிறகு எல்லோருமே ‘நான் அப்போதே நினைத்தேன்’ என்பார்கள்.

ஒரு பையன் 80 என்று எழுதியிருந்தான். நெகட்டிவ் வந்தது. 80-ஐ அடித்துவிட்டுப் பூஜ்யம் போட்டு, கட்டிலைப் பொது வார்டுக்கு மாற்ற எழுதிக்கொடுத்துவிட்டான். நல்லவேளை, ரவுண்ட்ஸில் கண்ணில் பட்டது. ‘80 எங்கே போச்சு தம்பி?’ என்று கேட்டேன். பதில் இல்லை. அழிப்பானை எடுத்துப் பூஜ்யத்தை அழித்துவிட்டு 55 என்று எழுதினான். மறுநாள் மறுபடி சாம்பிள் எடுத்தோம், பாசிட்டிவ்.

முன், பின் இரண்டையும் அகராதியில் தனித்தனியே போடாமல் ஒரே பதிவில் போடுங்கள். அடித்த எண்ணும் புது எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் பையன்களுக்கு உறைக்கும்.