கப்பல் நின்னா விலை ஏன் ஏறுது?

தீபா: சித்தப்பா, துறைமுகத்துக்கு வெளியே கப்பல் பத்து நாள் நின்னா சரக்கு பத்து நாள் லேட்டா வரும், அவ்வளவுதானே? விலை எதுக்கு ஏறுது?

முருகன் சித்தப்பா: அந்தக் கப்பலோட அடுத்த நடையும் பத்து நாள் தள்ளிப் போகுதேம்மா. கப்பல் எண்ணிக்கை குறையல, ஆனா வருஷத்துக்கு அடிக்கிற நடை குறைஞ்சிடுது. கப்பல்ல இடத்துக்குப் போட்டி வந்தா வாடகை ஏறத்தான் செய்யும்.

செல்வி அக்கா: யார்டையும், அதான் துறைமுகத்துல கன்டெய்னர் பெட்டிகளை அடுக்கி வைக்கிற இடத்தையும் பாக்கணும். சுமார் 80% நிறைஞ்சதுமே வேலை படுத்துடும். அஞ்சு அடுக்குல அடிப்பெட்டி வேணும்னா மேல இருக்கிற நாலையும் தூக்கி வேற இடத்துல வைக்கணும், அந்த நாலு தூக்கும் வீண். அதுக்குள்ள கேட்ல லாரி வரிசை நீண்டுடும். பெட்டி வெளியே போகாம கப்பல்ல இருந்து இறக்கவும் இடம் இருக்காது.

செல்வி அக்கா: 2022 ஜனவரியில அமெரிக்காவோட லாஸ் ஏஞ்சலிஸ், லாங் பீச் துறைமுக வாசல்ல நூறுக்கு மேல கன்டெய்னர் கப்பல் காத்திருந்துச்சு. கிடங்கெல்லாம் நிறைஞ்சிருந்தது, பெட்டியை ஏத்தி லாரி இழுத்துட்டுப் போற சக்கர வண்டியான சேசிஸ் பத்தல. கிரேனை மட்டும் கூட்டியிருந்தா தீர்ந்திருக்காது.

தீபா: எல்லா சாமானும் ஒரே மாதிரியா ஏறும்?

முருகன் சித்தப்பா: இல்லவே இல்ல. 40 அடி பெட்டி வாடகை 2,000 டாலர்ல இருந்து 10,000 ஆச்சுன்னு வை. கூடுதல் 8,000. உள்ளே 50 சோபான்னா ஒண்ணுக்கு 160 டாலர். 5,000 ஜோடி செருப்புன்னா ஜோடிக்கு 1.60. இடத்தை அடைக்கிற, விலை குறைஞ்ச சாமான்தான் முதல்ல அடிபடும்.

தீபா: நெரிசல் தீர்ந்ததும் விலை இறங்கணுமே?

செல்வி அக்கா: கூடுதல் வாடகை குடுத்து இறக்கின சரக்கு முதல்ல விக்கணும். ஆண்டு ஒப்பந்தம் போட்டவங்க அது முடியிற வரை அதே வாடகைதான் கட்டுவாங்க. ஐஎம்எஃப், அதான் சர்வதேச நாணய நிதியத்தோட ஆய்வுப்படி கப்பல் வாடகை ரெண்டு மடங்கானா பணவீக்கம் சுமார் 0.7 சதவீதப் புள்ளி கூடும், அதோட உச்சம் ஒரு வருஷம் கழிச்சுத்தான்.

ரவி மாமா: பயத்துல எல்லாரும் முன்கூட்டியே ஆர்டர் போடுறதும் நெரிசலைக் கூட்டும். 2024ல செங்கடலைத் தவிர்த்து ஆப்பிரிக்காவைச் சுத்தின கப்பல்கள் நேரம் தப்பி ஒரே சமயத்துல கூட்டமா வந்து சிங்கப்பூர் திணறுச்சு. சில கப்பல் அடுத்த துறைமுகத்தையே விட்டுட்டு, அங்கே போக வேண்டிய பெட்டியையும் சிங்கப்பூர்லயே இறக்கிட்டுப் போச்சு.

தீபா: இறக்குமதி பண்றவங்க என்னதான் பண்றது மாமா?

ரவி மாமா: பெட்டியைக் கட்டணமில்லாம வெச்சிருக்க எத்தனை இலவச நாள்னு புக்கிங் போடும்போதே பேசிடணும், சரக்கு வந்தப்புறம் கேட்டா கிடைக்கிறது கஷ்டம். சுங்கத் தாக்கலைக் கப்பல் வர்றதுக்கு முன்னாடியே முடிச்சு வைக்கணும். பெட்டி துறைமுகத்துக்குள்ளயே இலவச நாளைத் தாண்டிக் கிடந்தா கட்டுற கட்டணம் டெமரேஜ். எடுத்துட்டுப் போய் காலிப் பெட்டியைத் இலவச நாளைத் தாண்டியும் திருப்பித் தராம வெச்சிருந்தா கட்டுறது டிடென்ஷன்.

ரவி மாமா: நெரிசல் நேரத்துல காலியைக் கொண்டு போனாலும் "இன்னைக்கு எடுக்க மாட்டோம்"னு கேட்லயே திருப்பிடுவாங்க. டிடென்ஷன் மட்டும் ஏறிக்கிட்டே இருக்கும். திருப்பி அனுப்பினதுக்குத் தேதி, நேரம், பெட்டி நம்பரோட ஆதாரம் வாங்கிடணும். அதைக் காட்டித்தான் அந்த நாளுக்கான பில்லைக் கழிக்கச் சொல்லிக் கேக்க முடியும்.