எடை 85 சதவீதம், பல்ஸ் 46: அனோரெக்ஸியாவில் அட்மிட் செய்ய எந்த எண்ணைப் பார்ப்பது?

பீடி_பிஜி
வார்டுக்கு அட்மிஷன் செக்லிஸ்ட் தயாராகிறது. அனோரெக்ஸியா நெர்வோசா (எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் பட்டினி கிடக்கும் மனநோய்) பகுதியில் ஒரு குழப்பம். ஓபியில் பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடை எண்) மட்டும் பார்த்து, "மீடியனில் (அதே வயதினரின் நடு பிஎம்ஐயில்) 75 சதவீதத்துக்கு மேலேதானே, டயட்டீஷியனைப் பார்த்துட்டுப் போகட்டும்" என்று அனுப்புவதுதான் இப்போதைய வழக்கம். இது சரியா?

உதாரணக் கணக்கு: 15 வயதுப் பெண், 156 செ.மீ., 42 கிலோ. ஆறு மாதம் முன்பு 56 கிலோ. படுத்திருக்கும்போது பகலில் பல்ஸ் 46. சோடியம், பொட்டாசியம் நார்மல். இவளை அட்மிட் செய்வீர்களா? செய்தால் முதல் வாரம் எவ்வளவு சாப்பாடு?

வளரிளம்_ஓபி
செய்வேன், அன்றைக்கே.

பிஎம்ஐ 17.3. உலக சுகாதார நிறுவன அட்டவணையில் 15 வயதுப் பெண்ணுக்கு மீடியன் சுமார் 20.2. ஆக 85 சதவீதம். பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை போலத்தான் இருக்கும். ஆனால் ஆறே மாதத்தில் உடல் எடையில் கால்பங்கு போயிருக்கிறது. நாடித்துடிப்பும் பாஸ்பேட்டும் எவ்வளவு சரிந்திருக்கும் என்பதை, வந்தபோதைய எடை சொல்வதைவிட, எவ்வளவு எடை குறைந்தது, எவ்வளவு வேகமாகக் குறைந்தது என்பதே நன்றாகச் சொல்கிறது. கார்பர் குழு 2019-ல் காட்டியது இதைத்தான்.

அமெரிக்க வளரிளம் பருவ மருத்துவர்கள் சங்கத்தின் பட்டியலில் 75 சதவீதம் என்பது ஒரு வரி மட்டுமே. பகல் பல்ஸ் 50-க்குக் கீழ், இரவில் 45-க்குக் கீழ், பிபி 90/45-க்குக் கீழ், வெப்பநிலை 35.6 டிகிரி செல்சியஸுக்குக் கீழ், ஈசிஜியில் க்யூடி நீட்சி (இதயத் துடிப்பு தாறுமாறாகும் ஆபத்தைக் காட்டும் இடைவெளி), எலக்ட்ரோலைட் (ரத்தத்தில் உள்ள சோடியம், பொட்டாசியம் போன்ற உப்புகள்) கோளாறு, சாப்பாட்டை அடியோடு மறுப்பது: எடை எதுவானாலும் இவற்றில் ஒன்று பொருந்தினாலே அட்மிஷன் பற்றி யோசிக்க வேண்டும். பிரிட்டனின் 2022 வழிகாட்டி 70 சதவீதத்துக்குக் கீழே போனால் சிவப்பு, அதாவது அதிக ஆபத்து, என்கிறது. ஏற்கெனவே மெலிந்த பிள்ளை தொடர்ந்து இரண்டு வாரம் வாரத்துக்கு 1 கிலோ இழந்தாலும் சிவப்புதான்.

ரத்தப் பரிசோதனை நார்மல் என்பதை வைத்து ஆறுதல் அடையாதீர்கள். உடம்பு கடைசிவரை அந்த எண்களைக் கட்டிக்காக்கும்.

நைட்_டியூட்டி_சிஸ்டர்
டாக்டர் சொன்ன எண்களெல்லாம் எடுக்கிற விதத்தில்தான் இருக்கு. ஐந்து நிமிஷம் படுக்க வைத்து, ஒரு முழு நிமிஷம் கையால் எண்ணணும். பிறகு நிற்க வைத்து இரண்டு நிமிஷம் கழித்து பல்ஸும் பிபியும் மறுபடி. "ஸ்போர்ட்ஸ் பொண்ணு, பல்ஸ் கம்மியாத்தான் இருக்கும்" என்று வீட்டில் சொல்வாங்க. விளையாட்டு வீராங்கனைக்கு எழுந்து நாலு அடி நடந்தால் பல்ஸ் கொஞ்சம்தான் ஏறும். பட்டினி இதயத்துக்கு சட்டென்று எகிறும். உண்மையான கீழ் எண் விடியற்காலை 2லிருந்து 4 மணிக்குள்தான் தெரியும், அதனால் முதல் ராத்திரி மானிட்டர் கட்டாயம்.

எடை: காலையில், சிறுநீர் கழித்தபின், கவுன் மட்டும், தினம் அதே மெஷின், எண் தெரியாதபடி திரும்பி நிற்க வைத்து. கூடவே யூரின் ஸ்பெசிபிக் கிராவிட்டி (சிறுநீரின் அடர்த்தி). 1.010-க்குக் கீழே இருந்தால் எடையை நம்பாமல் சோடியம் அனுப்பணும். எடையைக் கூட்டிக் காட்ட நிறையத் தண்ணீர் குடித்து சோடியம் இறங்கினால் வலிப்பே வரும். இதைத் திட்டாமல் கேட்கிற சிஸ்டருக்குத்தான் பதில் கிடைக்கும்.

சமையலறை_டயட்
பழைய பாணியில் 600, 800 கிலோகலோரியில் தொடங்கினால் வார்டில் இருக்கும்போதே எடை இன்னும் இறங்கும். அமெரிக்காவில் நடந்த 'ஸ்ட்ராங்' ஆய்வில் ஒரு குழுவுக்கு 1400-ல் தொடங்கி ஒருநாள் விட்டு ஒருநாள் 200 கூட்டினார்கள். இன்னொன்றுக்கு 2000-ல் தொடங்கி தினமும் 200. இரண்டாவது குழு சுமார் மூன்று நாள் முன்னதாகவே நிலைப்பட்டது, எலக்ட்ரோலைட் சிக்கலும் கூடவில்லை. இந்தப் பெண்ணுக்கு 1800 முதல் 2000 வரை தயங்காமல் தொடங்கலாம். 70 சதவீதத்துக்குக் கீழே இருப்பவர்கள், முதல் நாளே பாஸ்பேட் குறைந்தவர்கள் விஷயம் வேறு. அங்கே 1400 பக்கம் தொடங்கி நெருக்கமாகக் கவனிக்க வேண்டும்.

முதல் வாய்ச் சாப்பாட்டுக்கு முன்பே தயாமின் (வைட்டமின் பி1). பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் முதல் வாரம் தினமும். பாஸ்பேட் பெரும்பாலும் சாப்பாடு மறுபடி தொடங்கிய முதல் சில நாட்களில்தான் விழும். மூன்று வேளை, மூன்று இடைவேளை, பக்கத்தில் ஆள். ஒவ்வொரு இடைவேளையிலும் 200 மி.லி. பால் வைத்தால் பாஸ்பேட்டும் சேர்ந்தே வரும். கஞ்சியும் ஜூஸும் வேண்டாம். வயிறு ரொம்பிவிடும், கலோரி தேறாது.

கேஷுவாலிட்டிக்கு ஒரு வேண்டுகோள். மயங்கி வந்தாள் என்று உடனே டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) டிரிப் ஏற்றாதீர்கள். குளுக்கோஸ் போனதும் இன்சுலின் ஏறும், மிச்சமிருக்கும் பாஸ்பேட் செல்லுக்குள் ஓடிவிடும். சுருங்கிப்போன இதயம் வேகமாக ஏறும் திரவத்தையும் தாங்காது. சர்க்கரை உண்மையிலேயே குறைந்திருந்தால் திருத்தித்தான் ஆக வேண்டும், ஆனால் தயாமினோடு. "டிரிப் போட்டா தெம்பு வரும்" என்று உறவினர் நெருக்குவது எல்லா ஊரிலும் உண்டு.

வளரிளம்_ஓபி
ஒரு சேர்க்கை: குமட்டுகிறது என்றால் கைப்பழக்கத்தில் ஆன்டான்செட்ரான் (வாந்தி மருந்து) எழுதிவிடுவோம். அது க்யூடியை நீட்டும். ஈசிஜி பார்க்காமல் வேண்டாம்.

பீடி_பிஜி
நன்றி. 85 சதவீதத்தில் வந்தவளை எந்த எடையில் டிஸ்சார்ஜ் செய்வது? இவள் உயரத்துக்கு மீடியன் பிஎம்ஐ என்றால் 49 கிலோ வருகிறது.

வளரிளம்_ஓபி
டிஸ்சார்ஜுக்கு எடையைவிட இரவு பல்ஸ் 45-க்கு மேல் நிற்பதும், எலக்ட்ரோலைட் தாமாக நிலைப்பதும், வீட்டில் சாப்பாட்டை அப்பா அம்மா கையில் எடுக்கத் தயாராவதும் முக்கியம். இலக்கு எடை தனிக்கணக்கு. பள்ளி ஹெல்த் கார்டு, தடுப்பூசி அட்டை எல்லாம் வாங்கி அவளுடைய பழைய வளர்ச்சிக் கோட்டை வரையுங்கள். அந்தக் கோடு மீடியனுக்கு மேலேயே போயிருந்தால் 49-ல் மாதவிடாய் திரும்பாமலே போகலாம். "முன்னாடி கொஞ்சம் குண்டுதான், 49 போதும்" என்று வீட்டில் மட்டுமல்ல, நம் ஓபியிலும் சொல்வார்கள். வளரும் வயது என்பதால் இலக்கை மூன்று மாதத்துக்கோ ஆறு மாதத்துக்கோ ஒருமுறை திருத்தி எழுதுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒற்றை எண்ணாக அச்சடிக்க வேண்டாம்.