லெவன் பிளஸ்: 600 சொல் பாடம், பேப்பரில் பாதி பிழை

டார்ட்ஃபோர்ட் அம்மா:

மகள் இயர் 5 (ஒன்பது, பத்து வயது வகுப்பு). செப்டம்பரில் கென்ட் டெஸ்ட், இங்கிலாந்தில் எங்கள் கென்ட் பகுதியின் கிராமர் பள்ளிகளுக்குப் பிள்ளைகளைத் தெரிவு செய்கிற லெவன் பிளஸ் பரீட்சை. கணக்கு பரவாயில்லை, படக் கேள்விகளும் பரவாயில்லை. ஆங்கிலச் சொல்லில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறோம்.

போன ஒக்டோபரில் 1000 சொல் கொண்ட பட்டியல் ஒன்றை இறக்கி, பிரிண்ட் எடுத்து, லாமினேட் செய்து கார்டுகளாக வெட்டினேன். ஒரு பக்கம் சொல், மறுபக்கம் அதே பொருளில் இன்னொரு சொல். இரவு வேலைக்குப் போகுமுன் 20 கார்டு கேட்பேன். 600 தாண்டிவிட்டோம். கார்டைத் தூக்கினால் போதும், 'கேண்டிட்' என்றால் 'ஃபிராங்க்', 'ஃப்ரூகல்' (சிக்கனம்) என்றால் 'மைசர்லி' (கஞ்சத்தனம்) என்று டக்கென்று வருகிறது. பயிற்சிப் பேப்பரில் நெருங்கிய பொருளைக் கேட்டால் பாதி பிழை.

போன கிழமை அம்மம்மாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொன்னேன். முதல் வரியே 'மை அம்மம்மா இஸ் எ மைசர்லி லேடி'. பால்மா டின்னைக்கூட எறியாமல் கழுவி மிளகாய்த்தூள் போட்டு வைக்கிற மனுசி அவர், உண்மைதான். ஆனால் பேத்தி கேட்டால் பேர்ஸில் கிடக்கிற கடைசி ஐந்து பவுண்டையும் எடுத்துக் கொடுப்பார். அவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாததால் வீட்டில் சண்டை வரவில்லை.

இன்னும் மூன்று மாதம். மிச்சம் 400 சொல்லையும் முடிப்பதா, வேறு வழி இருக்கிறதா? ரியூசனுக்கு அனுப்ப இப்போது வசதியில்லை.

கிரேவ்சென்ட் அப்பா:

அக்கா, முதலில் ஒரு வேலை. டெஸ்டுக்கான பதிவு ஜூன் 1-க்குத் திறந்து ஜூலைத் தொடக்கத்தில் மூடிவிடும். பள்ளி தானாகப் பதிந்துவிடும் என்று இருந்துவிடாதீர்கள்.

இனி சொல்லுக்கு வருவோம். என் வீட்டில் இரண்டு பேர் எழுதியாயிற்று, மூன்றாவது ஆள் அடுத்த வருடம். மூத்தவனுக்கு நானும் உங்களைப்போல் கார்டுதான் வெட்டினேன். ஜிஎல் (டெஸ்டைத் தயாரிக்கிற நிறுவனம்) பேப்பரில் கேள்வி கார்டுபோல் வராது. இரண்டு கூட்டம் சொற்கள் தருவார்கள், கூட்டத்துக்கு ஒன்றாக எடுத்து ஜோடி சேர்க்க வேண்டும். அல்லது இரண்டு ஜோடியைத் தந்து இரண்டுக்கும் பொருந்துகிற ஒரே சொல்லைக் கேட்பார்கள். ஒரு பக்கம் அபராதம் என்கிற பொருளில் இரண்டு சொல், மறுபக்கம் நல்லது, அழகு என்கிற பொருளில் இரண்டு சொல். விடை 'ஃபைன்'. இது எந்தப் பிள்ளைக்கும் தெரிந்த சொல். 'ஃபைன்' என்றால் நல்லது என்று மட்டும் தெரிந்த பிள்ளை அந்த இடத்தில் நின்றுவிடும். 'கிரேவ்' என்றால் கல்லறை, 'கிரேவ் மிஸ்டேக்' என்றால் பாரதூரமான பிழை. 'கன்டென்ட்', 'பிரீஃப்', 'கரண்ட்' எல்லாம் இந்தச் சாதிதான். பெரிய சொல்லைவிட இப்படியான சின்னச் சொற்கள்தான் எங்களுடைய மார்க்கை அதிகம் தின்றன.

இன்னொன்று. பெயர்ச்சொல்லுக்கு வினைச்சொல் விடையாக வராது. இதை மட்டும் பார்த்தாலே ஐந்து தெரிவில் இரண்டு பல நேரம் விழுந்துவிடும்.

மூத்தவன் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மாதிரிப் பேப்பரில் வரிசையாக ஏழு பிழை. எல்லாச் சொல்லும் தெரிந்தவை. கேட்டது எதிர்ப்பதம், அவன் எழுதியது ஒத்த பதம். அன்றிலிருந்து கேள்வியில் 'ஆப்போசிட்', 'க்ளோசஸ்ட்' எது வந்தாலும் பென்சிலால் வட்டம் போட்ட பிறகுதான் விடை. அந்த வட்டத்துக்கு ஒரு செக்கன்கூட ஆகாது.

புதிய கார்டு வெட்டாதீர்கள். பேப்பரில் பிழைத்த சொல்லை மட்டும் ஒரு கொப்பியில் எழுதி, பக்கத்தில் அவளே ஒரு வசனம் எழுதட்டும். கிழமைக்கு 15 சொல் போதும்.

ஓய்வு வாத்தியார்:

பிள்ளையில் பிழையில்லை, கார்டில்தான் பிழை. ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று சமன் போட்டால் இப்படித்தான் அம்மம்மா கருமியாவார்.

திண்ணைப் பள்ளிக்கூடக் காலத்தில் எங்கள் ஆட்கள் சூடாமணி நிகண்டைப் பாட்டாகவே நெட்டுருப் போட்டார்கள். அதுவும் ஒருபொருட் பன்மொழிதான். யானைக்கு வேழம், களிறு, பிடி என்று ஒப்பிக்கலாம், ஆனால் களிறு ஆண், பிடி பெண். 'பிடி தந்தத்தால் குத்தியது' என்று ஒருவன் எழுதினால் வாத்தியார் சிரிப்பார். வேழம் என்றால் கரும்பும் ஆகும், மூங்கிலும் ஆகும். மேலே தம்பி சொன்ன 'ஃபைன்' சங்கதி அங்கேயும் உண்டு. நெட்டுருவோடு நிறுத்தியவர்கள் அந்தக் காலத்திலும் இடறித்தான் விழுந்தார்கள்.

உங்கள் வீட்டில் தமிழ் இருக்கிறதே, அதைப் பாவியுங்கள். ஒரு கோடு கீறி, இடது பக்கம் நல்லது, வலது பக்கம் கெட்டது என்று வையுங்கள். சிக்கனக்காரி, கையிறுக்கம், கஞ்சப் பேர்வழி, கசவாரம். இந்த வரிசையைப் பிள்ளையிடம் கேளுங்கள், அது சரியாகவே சொல்லும், அம்மம்மாவிடம் கேட்டுக் கேட்டு வளர்ந்த பிள்ளை. அப்புறம் அதே கோட்டில் 'திரிஃப்டி', 'ஃப்ரூகல்', 'ஸ்டிஞ்சி', 'மைசர்லி' என்று அடுக்கச் சொல்லுங்கள். எது பாராட்டு, எது திட்டு என்பது தெரிந்துவிட்டால் ஐந்து தெரிவில் கை தானாகப் போகும்.

இயர் 10:

நான் கிட்டத்தட்ட ஐந்து வருடம் முன்பு எழுதினேன். வாத்தியார் ஐயா சொல்வது சரி, ஆனால் கார்டைக் குப்பையில் போட வேண்டாம் ஆன்ட்டி, நான் பட்டியலால்தான் தப்பினேன். சொல்லையே முன்பு பார்த்திராவிட்டால் கோட்டில் எங்கே வைப்பது? மறுபக்கத்தில் ஒரு சொல்லுக்குப் பதில் மூன்று சொல்லும் ஒரு வசனமும் எழுதுங்கள், அவ்வளவுதான்.

'பெனி' என்று தொடங்கினால் பெரும்பாலும் நல்லது, 'மல்' என்றால் கெட்டது. 'பெனவலென்ட்', 'மலெவலென்ட்' தெரியாமலே அதில் இரண்டு மார்க் எடுத்தேன். 'மல்லெட்' என்பது மரச்சுத்தியல், அதை மட்டும் கெட்டது என்று நினைக்க வேண்டாம்.

டெஸ்டில் எழுதும் பகுதி ஒன்றும் இருக்கிறது, 40 நிமிடம், திட்டமிடும் நேரமும் சேர்த்து. அதற்கு மார்க் இல்லை. வெட்டுப்புள்ளிக்குக் கிட்ட வந்து நிற்கிற பிள்ளையின் தாளைத்தான் எடுத்துப் பார்க்கலாம். அங்கே பெரிய சொல்லைத் திணித்தால் அசிங்கமாகத் தெரியும்.

டார்ட்ஃபோர்ட் அம்மா:

எல்லாருக்கும் நன்றி. பதிவு நேற்று இரவே முடிந்தது. தம்பி சொல்லியிருக்காவிட்டால் பள்ளிதான் செய்யும் என்று இருந்திருப்பேன்.

கோடு கீறும் வேலை குசினி வெள்ளைப் பலகையில் தொடங்கியாயிற்று. கசவாரம் என்கிற சொல்லை அம்மம்மாதான் வாய்விட்டுச் சிரித்துச் சிரித்து விளக்கினார். ஊரில் ஒரு கடைக்காரர் தேங்காய் உடைத்தால் தண்ணீரைக்கூட அளந்துதான் கொடுப்பாராம். மகள் 'மைசர்லி'யை அழித்து அந்தக் கடைக்காரருக்குக் கொடுத்துவிட்டாள், அம்மம்மாவுக்கு 'திரிஃப்டி'.

இன்று இரவு இடியப்பத் தட்டைப் பார்த்துவிட்டு 'அம்மா, இது மீகரா, ஸ்கேர்ஸா?' என்று கேட்டாள். ஆறு இடியப்பம் வைத்திருந்தேன். சம்பல்தான் கொஞ்சம் குறைவு. எது சரி என்று எனக்கும் உடனே வரவில்லை. வாத்தியார் ஐயா, இந்த இரண்டையும் கோட்டில் எப்படி வைப்பது?

ஓய்வு வாத்தியார்:

தட்டில் கொஞ்சமாக இருந்தால் 'மீகர்'. கடையிலேயே தேங்காய் கிடைக்காவிட்டால் 'ஸ்கேர்ஸ்'. இதற்குக் கோடு வேண்டாம். பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் சம்பல் போடுங்கோ.