கைவிடப்பட்ட பைத்தான் நூலகம்: ஃபோர்க்கா, அதே பெயரா?

கேள்வி: பைத்தான் நூலகங்களின் பொதுக் களஞ்சியமான பைபிஐயில் உள்ள ஒரு நூலகத்துக்கு 14 மாதமாக வெளியீடு இல்லை. நிரல் இருக்கும் கிட்ஹப் தளத்தில் பிறர் அனுப்பிய திருத்தங்கள் தேங்கிக் கிடக்கின்றன, பராமரிப்பாளரிடமிருந்து பதிலும் இல்லை. பராமரிக்க நாங்கள் நான்கு பேர் தயார். ஃபோர்க் போடுவதா (நிரலைப் பிரதி எடுத்து வேறு பெயரில் தொடர்வது), பைபிஐயில் அதே பெயரையே கேட்பதா?

பதில் 1: முதலில் ஃபோர்க், பிறகுதான் பெயர். விதி பெப் 541, அதாவது பைபிஐயில் ஒரு பெயரை எப்போது கைமாற்றலாம் என்று சொல்லும் பைத்தான் ஆவணம். உரிமையாளர் தொடர்பில் இல்லை, 12 மாதமாக வெளியீடு இல்லை, திட்டப் பக்கத்திலும் அவர் நடமாட்டம் இல்லை என மூன்றும் சேர்ந்தால்தான் கைவிடப்பட்டதாகக் கொள்வார்கள். பைபிஐ நிர்வாகிகள் குறைந்தது 3 முறை அவரைத் தொடர்புகொள்ள முயல்வார்கள், 6 வாரத்தோடு நிறுத்துவார்கள். நீங்கள் அவருக்கு எழுதிய மடல்கள், ஃபோர்க்கில் செய்த மேம்பாடுகள், வேறு பெயர் ஏன் ஒத்துவராது என்ற காரணம் மூன்றையும் காட்டுங்கள். கடைசியதை ஒரே வரியில் எழுதிக் கோட்டை விடாதீர்கள்.

பதில் 2: டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் இது இன்னும் நேர்த்தி: ஐடிஎஸ் (மீட்டெடுக்க விரும்புகிறேன் என்ற அறிவிப்பு) என்று வழுப் பட்டியலில் பதிந்து 21 நாள் காத்திருப்பு, மறுப்பில்லை என்றால் 7 நாள் கழித்தே வெளிவரும் தாமத வரிசையில் ஏற்றம்.

நான்கு பேர் விஷயத்தில், "யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்" என்றால் ஒருவரும் எடுக்கமாட்டார்கள். ஒரு வழுவுக்குப் பொறுப்பாக ஒரு ஆளின் பெயர். 2 வாரம் அசைவில்லையா, அந்த வழுவிலிருந்து அவர் பெயரை நீக்கிவிடுங்கள். கோபம் வேண்டாம், சம்பளமில்லாத வேலை.

பதில் 3: பழைய பராமரிப்பாளரை நச்சரிக்காதீர்கள். எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் நிரலின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் 2024இல் பின்கதவு (ரகசிய நுழைவழி) வந்த வழி அதுதான்: களைத்தவரை மடற்குழுவில் நெருக்கினார்கள், பொறுமையாக உதவியவர் கைக்கு வெளியீட்டு உரிமை போனது. பின்கதவை இயக்கிய நிரல் துண்டு எல்லோரும் பார்க்கும் கிட் களஞ்சியத்தில் இல்லை, வெளியீட்டுக்குக் கட்டிய டார் கோப்பில் மட்டும் இருந்தது. எனவே யாருடைய மடிக்கணினியிலிருந்தும் ஏற்றாதீர்கள். தானியங்கி வெளியீட்டுக்கு உதவும் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் வழியாக, இரண்டாமவர் ஒப்புதலோடு மட்டும் வெளியிடுங்கள்.