சின்ன காருக்குச் சிறிய ரிம்மும் வின்டர் டயரும்: மழைக்கு முன் உதவி தேவை

பொருநைக்கரை_65:
வணக்கம். என் காரின் முன்பக்க ரிம்களில் ஒன்று ஆவணியிலும் மற்றொன்று போன வாரமும் வளைந்துவிட்டன. இரண்டு முறையும் சேரன்மகாதேவிக்கு அருகே, தண்ணீர் தேங்கிக் கண்ணுக்குத் தெரியாத பள்ளத்தில் இறங்கியதுதான் காரணம். பெண்டு எடுத்துக் கொடுத்தார்கள். ஆனாலும் இரண்டு நாளுக்கு ஒருமுறை காற்று இறங்கிவிடுகிறது. ஜெர்மனியில் வேலை பார்க்கும் என் மைத்துனர், அங்கே குளிர்காலம் வந்தால் பெரிய அலாய் ரிம்களைக் கழற்றி வைத்துவிட்டுச் சிறிய ஸ்டீல் ரிம்மில் வின்டர் டயர் மாட்டுவார்கள் என்றும், நானும் மழைக்காலத்துக்கு அப்படியே செய்யலாம் என்றும் சொல்கிறார். வாரம் மூன்று நாள் அம்மாவை அம்பாசமுத்திரத்திலிருந்து பாளையங்கோட்டை மருத்துவமனைக்கு அழைத்து வர வேண்டியிருப்பதால், ஐப்பசி மழை பிடிப்பதற்குள் முடிவெடுக்க வேண்டும். எத்தனை இஞ்ச் போடலாம், எந்த வின்டர் டயர் நல்லது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குலவணிகர்புரத்தான்:
அண்ணாச்சி, என்ன கார் என்பதைச் சொல்லவில்லையே? இப்போது மாட்டியிருக்கும் டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் எண்ணையும், அந்த அலாய் கம்பெனியிலிருந்தே வந்ததா, வெளியில் வாங்கிப் போட்டதா என்பதையும் சொன்னால்தான் மேற்கொண்டு பேச முடியும்.

ஆலங்குளம்_டிரைவர்:
ரிம் அளவை மாற்றுவதற்கு முன் காற்றைப் பாருங்கள். இருபத்திரண்டு ஆண்டுகள் வாடகைக் கார் ஓட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், ரிம் வளைவது பெரும்பாலும் காற்றுக் குறைவால்தான். பள்ளத்தின் விளிம்பில் இடிக்கும்போது டயர் முழுவதும் நசுங்கி, ரிம்மின் உதடு நேராகக் கல்லில் போய் முட்டுகிறது. நீங்கள் எவ்வளவு காற்று வைக்கிறீர்கள், எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்க்கிறீர்கள்?

நெல்லை_ரதம்:
காரின் பெயர், ஆண்டு, வேரியன்ட், டயர் அளவு ஆகிய நான்கும் இல்லாமல் டயரைப் பற்றிக் கேட்பது, நோயாளியைக் காட்டாமல் மருந்து கேட்பதற்குச் சமம். இதை நான் பலமுறை விளக்கியிருக்கிறேன். டயரின் பக்கவாட்டை ஒருமுறை குனிந்து படித்துவிட்டு வந்து கேளுங்கள். அதற்கு மேல் வேண்டிய கணக்கை நான் போட்டுத் தருகிறேன். மழைக்கு வின்டர் டயர் என்ற எண்ணத்தை மட்டும் இப்போதே விட்டுவிடுங்கள்.

பொருநைக்கரை_65:
மன்னிக்க வேண்டும், அவசரத்தில் விட்டுவிட்டேன். 2019 மாருதி ஸ்விஃப்ட், இசட்எக்ஸ்ஐ பிளஸ், பெட்ரோல். பழைய வண்டியாக வாங்கியது. முன்னால் வைத்திருந்தவர் வெளியில் வாங்கிய 16 இஞ்ச் அலாய் மாட்டியிருக்கிறார். டயர் 195/55 ஆர்16. காற்று 30 வைக்கிறேன், மாதம் ஒருமுறை பார்ப்பேன்.

ஸ்டுட்கார்ட்_நெல்லையன்:
நான் மேலப்பாளையத்துக்காரன், ஒன்பது ஆண்டுகளாக இங்கே ஜெர்மனியில் இருக்கிறேன். உங்கள் மைத்துனர் சொன்னது இந்த ஊருக்கு முழுக்க உண்மை. சாலையில் பனியோ உறைபனியோ இருந்தால் வின்டர் டயர் இல்லாமல் ஓட்டக் கூடாது என்று 2010-லிருந்து சட்டம் தெளிவாகச் சொல்கிறது. டயரில் மூன்று சிகர மலையும் அதனுள் பனிப்பூவும் பொறித்திருக்க வேண்டும். 2024 அக்டோபரிலிருந்து எம்+எஸ் (சேறு, பனி) என்ற எழுத்து மட்டும் இருந்தால் செல்லாது. அக்டோபரில் மாட்டி ஈஸ்டருக்குக் கழற்றுவது இங்கே வழக்கம்.

சிறிய ரிம் போடுவதற்கும் காரணங்கள் உண்டு. ரிம்மும் டயரும் விலை குறைவு. சாலையில் தூவும் உப்பு நல்ல அலாயை அரித்துவிடும். ஒடுங்கிய டயர் ஈரப்பனியை அழுத்தி விலக்கிக்கொண்டு கீழே தரையைப் பிடிக்கும். பனிச்சங்கிலி மாட்டவும் இடம் கிடைக்கும். ஆனால் வின்டர் டயரை வின்டர் டயர் ஆக்குவது அதன் ரப்பர்தான். 7 டிகிரிக்குக் கீழே சாதாரண டயர் இறுகிப் பிடிப்பை இழக்கும்போது, இது இளக்கமாகவே இருக்கும். அதன் கட்டைகளில் இருக்கும் மெல்லிய கீறல்கள் பனியைக் கவ்வும். நம் ஊரில் மார்கழி விடியற்காலையிலும் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. சித்திரையில் 40-ஐத் தொடும். அந்தச் சூட்டில் இந்த ரப்பர் குழைந்து வேகமாகத் தேயும், பிரேக் பிடித்தால் வண்டி நிற்க அதிகத் தூரம் எடுக்கும். ஆகவே மைத்துனரின் யோசனையில் சிறிய ரிம்மை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். டயர் நம் ஊர்ச் சாதாரண டயராகவே இருக்கட்டும்.

நெல்லை_ரதம்:
இப்போது கணக்குப் போடலாம். டயர் அளவில் முதல் எண் மில்லிமீட்டரில் அகலம், இரண்டாவது அந்த அகலத்தில் தோள் உயரம் எத்தனை சதவீதம் என்பது, கடைசி எண் இஞ்சில் ரிம்மின் அளவு. உங்களிடம் இருக்கும் 195/55 ஆர்16 டயரின் முழு விட்டம் 620.9 மில்லிமீட்டர். உங்கள் வேரியன்ட்டுக்குக் கம்பெனி கொடுத்த 185/65 ஆர்15 டயருக்கு 621.5. இதே காரின் கீழ் வேரியன்ட்டுகளுக்குக் கொடுத்த 165/80 ஆர்14 டயருக்கு 619.6. மூன்றும் ஏறத்தாழ ஒன்றே என்பதால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸுக்கும் குழப்பம் இல்லை. வேறுபாடு டயரின் தோள் உயரத்தில், அதாவது ரிம்மின் உதட்டுக்கும் சாலைக்கும் நடுவில் உள்ள ரப்பரின் உயரத்தில் இருக்கிறது: 16-க்கு 107 மில்லிமீட்டர், 15-க்கு 120, 14-க்கு 132. அதாவது 14-க்கு இறங்கினால் ரிம்முக்கும் பள்ளத்துக்கும் நடுவில் ஒரு இஞ்ச் ரப்பர் கூடுதலாகக் கிடைக்கிறது. எடை தாங்கும் எண் 85 என்று போட்டிருந்தால் ஒரு டயர் 515 கிலோ தாங்கும்; நான்கும் சேர்ந்து 2060 கிலோ. உங்கள் கார் ஆள்களோடும் சாமான்களோடும் ஒன்றரை டன்னைத் தொடாது. எனவே 14 போதும். ரிம் வாங்கும்போது, நான்கு நட்டுத் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம் 100 மில்லிமீட்டர், நடுத்துளை 54.1 மில்லிமீட்டர் என்று பார்த்து வாங்குங்கள்.

குலவணிகர்புரத்தான்:
கணக்குச் சரிதான், ஆனால் 165 அகலம் ஈரச்சாலையில் பிரேக்குக்குக் குறைவு என்பது என் கருத்து. அகலமான டயர்தான் பிடிக்கும். அம்மாவை வைத்துக்கொண்டு ஓட்டும் வண்டிக்கு 185/65 ஆர்15-க்குப் போவதே நல்லது. அதுவும் கம்பெனி அளவுதான்.

ஸ்டுட்கார்ட்_நெல்லையன்:
காய்ந்த சாலைக்கு நீங்கள் சொல்வது பொருந்தும். தேங்கிய நீரில் நிலைமை வேறு. அகலமான டயர் ஒவ்வொரு நொடியும் கூடுதல் நீரை ஒதுக்கித் தள்ள வேண்டியிருக்கிறது. ஒதுக்க முடியாதபோது நீரின் மேல் மிதந்து, ஸ்டீயரிங் கைக்கு அடங்காமல் போகிறது. ஒடுங்கிய டயர் சற்றுத் தாமதமாகவே மிதக்கும். இருந்தாலும் 165-ஆ 185-ஆ என்பதைவிட, டயர்ப் பட்டனின் (சாலையைத் தொடும் கட்டைகளின்) ஆழமும் வண்டியின் வேகமும்தான் பெரிய விஷயம். காருக்குச் சட்டப்படி குறைந்தது 1.6 மில்லிமீட்டர் ஆழம் வேண்டும். மழையில் ஓட்டுபவர்கள் அதுவரை காத்திருக்காமல் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவது நல்லது.

ஆலங்குளம்_டிரைவர்:
செலவு இடித்தால் இப்போதைக்கு இரண்டு டயர் புதிதாக வாங்கி முன்னால் போட்டுக்கொள்ளட்டும். இழுப்பதும் திரும்புவதும் முன்சக்கரம், பிரேக்கின் பெரும்பங்கும் அதற்கே. நான் எப்போதும் அப்படித்தான் செய்வேன்.

நெல்லை_ரதம்:
அண்ணாச்சி, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் இது பரவலாக இருக்கும் தவறு. டயர் கம்பெனிகளே புதிய இரண்டையும் பின்னால் போடத்தான் சொல்கின்றன. முன்டயர் நழுவினால் வண்டி வளைவில் நேராகப் போகப் பார்க்கும். வேகத்தைக் குறைத்தால் ஓட்டுபவர் மீட்டுவிடலாம். பின்டயர் நழுவினால் வண்டி சுழன்றுவிடும், அதை மீட்பது பழகியவர்களுக்கே கடினம். முன்சக்கரம் இழுக்கிற வண்டிக்கும் இதுவே விதி.

ஆலங்குளம்_டிரைவர்:
பாபநாசத்திலிருந்து காரையாறு வரை மழையில் எத்தனையோ முறை போய் வந்திருக்கிறேன், ஒருமுறைகூட வண்டி சுழன்றதில்லை. முன்டயர் மொட்டையாக இருந்தால் மலைப்பாதையில் ஏறும்போதே சக்கரம் வெறுமனே சுற்றும். அதற்கு என்ன பதில்?

நெல்லை_ரதம்:
மொட்டை டயரை எந்தப் பக்கமும் வைத்திருக்கக் கூடாது என்பதுதான் பதில். தேய்ந்ததை முன்னால் போடச் சொல்வது, அதில் இன்னும் உயிர் இருக்கிறது என்ற நிலையில்தான். நீங்கள் மலைப்பாதையில் மெதுவாகப் போனதால் வண்டி சுழலவில்லை. நாற்கரச் சாலையில் எண்பதில் போகும்போது வளைவில் நீர் தேங்கியிருந்தால் கதை வேறு.

தென்காசி_டயர்க்கடை:
பெரியவர்களே, அவருக்கு ரிம் அளவே மாறுவதால் நான்கும்தான் மாற்ற வேண்டும். முன்னா பின்னா என்ற பேச்சு அவருக்கு உதவாது. முன்னால் 14-ம் பின்னால் 16-ம் போட்டு ஓட்டுவதும் கூடாது.

பொருநைக்கரை அண்ணன், டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைப் பாருங்கள். அது 14 இஞ்ச் ஸ்டீலாக இருந்தால், பணம் கொடுக்கும் முன்பே பாதி விடை கிடைத்துவிடும். அதை முன்பக்கம் மாட்டி, சக்கரத்தைத் தூக்கிய நிலையில் கையால் சுற்றிப் பாருங்கள். பிரேக் காலிப்பரில் எங்கும் உரசாமல், ஒரு விரல் கனமாவது இடைவெளி இருந்தால் அதே ரிம்மில் இன்னும் நான்கு தைரியமாக வாங்கலாம். பழைய ரிம் வாங்குவதானால், பேலன்சிங் மெஷினில் சுற்றவிட்டு உதடு ஆடாமல் இருக்கிறதா என்று கண்முன் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

வெளி அலாய்களில் நடுத்துளை பெரிதாக இருப்பதால், ரிம் போய் அமரும் ஹப்பின் மேல் பிளாஸ்டிக் வளையம் ஒன்று போட்டிருப்பார்கள். ஸ்டீல் ரிம் மாட்டும்போது அதைக் கழற்ற மறந்தால் ரிம் சரியாக அமராது. இப்படி மறந்து, நட்டு தளர்ந்து வந்த வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். அலாய்க்கென்று வாங்கிய நட்டுகளையும் அப்படியே பயன்படுத்தாதீர்கள். கம்பெனி நட்டுகளை மாட்டி, நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடியும் இறுக்கிப் பாருங்கள். புதிய டயர் வாங்கும்போது பக்கவாட்டில் டாட் என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்களைப் படியுங்கள்: 2325 என்றால் 2025-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. கடையில் ஓராண்டுக்கு மேல் கிடந்த டயரை வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. காற்றைப் பொறுத்தவரை ஆலங்குளத்து அண்ணாச்சி சொன்னதே சரி. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் உள்ள அளவை, டயர் சூடாவதற்கு முன், பத்து நாளுக்கு ஒருமுறை பாருங்கள். காற்று இறங்கும் ரிம்மை வைத்துக்கொண்டு மாதம் ஒருமுறை பார்ப்பது போதவே போதாது.

குலவணிகர்புரத்தான்:
15-ஐ ஏன் யாரும் பேசவில்லை என்பது எனக்கு இன்னும் புரியவில்லை.

தென்காசி_டயர்க்கடை:
15-ம் நல்ல அளவுதான், தம்பி. அந்தச் சாலையில் ஏற்கெனவே இரண்டு ரிம் போயிருக்கிறது என்பதால்தான் தோள் உயரமான 14-ஐச் சொல்கிறேன். ஸ்டீல் ரிம் வளைந்தால் தட்டி நிமிர்த்தலாம். அலாய் விரிசல் விட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான். திருநெல்வேலிக்குள் மட்டும் ஓடும் வண்டியாக இருந்தால் நானும் 15 என்றே சொல்லியிருப்பேன்.

பொருநைக்கரை_65:
ஸ்டெப்னி 165/80 ஆர்14 ஸ்டீல்தான். முன்னால் மாட்டிச் சுற்றிப் பார்த்தோம், எங்கும் உரசவில்லை. பழைய ரிம் நான்கும் புதிய டயர் நான்கும் போட்டாகிவிட்டது. பிளாஸ்டிக் வளையம் இரண்டு சக்கரத்தில் இருந்தது, கழற்றிவிட்டோம். நேற்று வீரவநல்லூர் தாண்டி நல்ல மழை. அம்மா பின்சீட்டில் தூங்கிக்கொண்டே வந்தார்கள். எல்லோருக்கும் நன்றி.

ஆலங்குளம்_டிரைவர்:
மகிழ்ச்சி. கதவு ஸ்டிக்கரில் எவ்வளவு காற்றுப் போட்டிருந்தது, இப்போது எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்? நூறு கிலோமீட்டருக்குப் பின் நட்டு இறுக்கியாயிற்றா?