பழைய சாமான் வண்டிக்குப் பையன் போட்ட வெண்கலப் பானையைத் திரும்ப எடுக்க வழி உண்டா?

மஞ்சக்குப்பத்தான்:
ஆயாவோட தாய்வீட்டுச் சீர்ல வந்த பானை. பொங்கலுக்கு மட்டும்தான் பரண்லேர்ந்து இறக்குவோம். நேத்து மதியம் வீட்ல பெரியவங்க இல்ல. கறுத்துக் கிடந்ததால வேண்டாத பாத்திரம்னு ஆறாவது படிக்கிற பையன் தெருவுல வந்த வண்டிக்குப் போட்டுட்டான். அவன் கையில கொடுத்தது 300 ரூபாய். எடை மூணு கிலோவுக்குக் குறையாது, கழுத்துக்குக் கீழே "சி.கு." வெட்டியிருக்கும். எங்கே தேடறது? போலீஸ்ல சொன்னா எடுபடுமா?

பழைய_உலோகம்:
இன்னிக்கே கிளம்புங்க. வண்டிக்காரர் பெரும்பாலும் ஏதாவது ஒரு காயலான் கடையைச் சேர்ந்தவரா இருப்பார். வண்டி, தராசு, காலைல கைமுதல் எல்லாம் அந்தக் கடை கொடுக்கும்; சாயங்காலம் சரக்கு அங்கேயே இறங்கும். அதனால ஆளைத் தேடி அலையாம கடையைத் தேடுங்க. உங்க தெரு டீக்கடைலயும் இஸ்திரிக்காரர்கிட்டயும் கேட்டாலே தெரிஞ்சுடும். அடையாளம் காட்டப் பையனைக் கூட்டிட்டுப் போங்க. முன்னாடியே அடிச்சு மிரட்டினா பயத்துல நேரத்தையும் ஆளையும் மாத்திச் சொல்லுவான்.

இரும்பும் பேப்பரும் சீக்கிரம் லாரி ஏறிடும். பித்தளை, செம்பு, வெண்கலத்தைத் தனியா மூட்டைல போட்டு, மூட்டை நிறைஞ்சதும்தான் அனுப்புவாங்க. நேத்துப் போட்டது இன்னும் அங்கேயே இருக்க வாய்ப்பு அதிகம். பயம் சுத்தியல்தான். இடம் அடைக்குதுன்னு குடம், அண்டாவையெல்லாம் தட்டி நசுக்குவாங்க. பித்தளை நசுங்கும், தட்டி எடுத்துடலாம். வெண்கலத்துல ஏறக்குறைய அஞ்சுல ஒரு பங்கு வெள்ளீயம், அதனால சில்லுசில்லா உடையும். உடைஞ்சதை ஒட்டலாம், ஆனா அந்த ஒட்டு அடுப்புச் சூட்டுக்கு நிக்காது. கடை எதுன்னு தெரிஞ்சதும் முதல் போன்லயே "பானையைத் தட்டாதீங்க, நான் எடுத்துக்கறேன்"னு சொல்லிடுங்க.

300 ரூபாயை நீட்டி வாங்க முடியாது. கடைக்காரர் வண்டிக்காரருக்கு எடைக்கு விலை கொடுத்திருப்பார். அன்றைய வெண்கல விலை (பித்தளையை விடக் கூடத்தான் இருக்கும்), அதுக்கு மேல கொஞ்சம் லாபம் வச்சுப் பேசுங்க.

கோர்ட்டு_வாசல்:
சட்டம் உங்க பக்கம். 18 வயசு ஆகாதவர் செய்யற ஒப்பந்தம் செல்லாது: 1872 ஒப்பந்தச் சட்டம், 11-வது பிரிவு. 1903-லயே பிரிவி கவுன்சில் (அன்னிக்கு லண்டன்ல இருந்த கடைசி மேல்முறையீட்டு மன்றம்) மோஹரி பீபி வழக்குல தீர்த்த விஷயம். விக்கிற உரிமை இல்லாதவர்கிட்ட வாங்கினா, வாங்கினவருக்கும் உரிமை வராது: 1930 சரக்கு விற்பனைச் சட்டம், 27-வது பிரிவு.

ஆனா புகார்ல "திருட்டு"ன்னு எழுதாதீங்க, உங்க பையனே கையால கொடுத்தது. நடந்ததை நடந்தபடி எழுதி, பொங்கல் போட்டோல பானை தெரிஞ்சா சேர்த்துக் கொடுத்து, சி.எஸ்.ஆர். ரசீது (புகாரை ஸ்டேஷன்ல பதிஞ்சதுக்குத் தர்ற ரசீது) வாங்குங்க. அந்த நகலைப் பார்த்தா கடைக்காரர் சரக்கை நகர்த்த மாட்டார். நூறு வருஷப் பழசு, தொல்பொருள் சட்டம்னெல்லாம் மிரட்ட வேண்டாம். பயந்துபோய் உடைச்சு மூட்டைக்குள்ள போட்டுட்டா யாருக்கு நஷ்டம்?

பட்டறைக்காரன்:
கடைல இதே மாதிரி நாலு பானை கிடக்கும், எல்லாம் கறுப்பா. வெட்டெழுத்து அழுக்குல மூடியிருக்கும். ஈரத்துணியால துடைச்சு, வெளிச்சத்தைச் சாய்ச்சுப் பிடிச்சா புள்ளி புள்ளியா தெரியும். அடில கடைசல் வளையம் (சுழல விட்டுச் சீவினப்ப விழுந்த வட்டக் கோடு) இருக்கான்னும் பாருங்க. விரல் முட்டியால தட்டினா மணி மாதிரி நீளமா ஒலிக்கணும். "டொக்"னு நின்னா எங்கேயோ கீறல் விட்டிருக்கு.

கைக்கு வந்ததும் பாலிஷ் மெஷின்ல கொடுத்துடாதீங்க, எழுத்து மழுங்கிடும். புளி, உப்பு போட்டுத் தேய்ச்சு, ஊற விடாம உடனே கழுவித் துடைச்சுடுங்க. ராத்திரி முழுக்கத் தண்ணி ஊத்தி வச்சு, அடியில ஈரம் கசியுதான்னு காலைல பாருங்க. வெறும் பானையை அடுப்புல ஏத்தறதும், சூடா இருக்கறப்ப பச்சைத்தண்ணி ஊத்தறதும் ஆகாது. வெடிச்சுடும்.

முள்ளோடை_மணி:
கடைக்காரர் விவரமானவரா இருந்தா உலைக்கு அனுப்ப மாட்டார், பழம்பொருள் வியாபாரிக்குக் கொடுத்துடுவார். கடலூர்ல கிடைக்கலன்னா பாண்டிச்சேரி மகாத்மா காந்தி ரோடு ஞாயிறு சந்தையையும் பார்த்துடுங்க. அங்கே எடைக்கு விலை இல்ல, பழசுக்கு விலை. "சி.கு." எழுத்தைக் கண்டுபிடிச்ச சந்தோஷத்தை மட்டும் முகத்துல காட்டிடாதீங்க.